கல்லுவெட்டாங்குழி வைன்

ஷீனாவுக்கு மணம் தெரியாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது அவளைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

பயணக் கப்பலில் அவளுக்கு வைன் பரிமாறுகிற வேலை. வெறுமனே ஊற்றிக் கொடுப்பது அல்ல. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் சேரும், எந்தப் பாட்டில் நன்றாக இருக்கிறது, எது கெட்டுவிட்டது என்று முகர்ந்தும் ருசித்தும் சொல்ல வேண்டும். அதற்குப் படித்து, பரீட்சை எழுதி, சட்டையில் சின்னதாகத் திராட்சைக்கொத்துப் பொறித்த வில்லை குத்திக்கொள்ளும் அளவுக்கு வந்தவள். கோவிட் வந்து எழுந்தபோது உடம்பு பழையபடி ஆனது, மூக்கு மட்டும் ஆகவில்லை. கப்பல் டாக்டர் சில மாதங்களில் திரும்பும் என்றார். திரும்பவில்லை. சரக்கு எண்ணும் வேலை தருகிறோம் என்றார்கள். அவள் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு சொந்த ஊரான உதியன்குளங்கரைக்கு வந்து இறங்கினாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். அம்மா சரசம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. விடியுமுன்னே ரப்பர் வெட்டிவிட்டு வந்து, மகளுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்து, சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போய் வருகிற மனுஷி. ஷீனா நெய்யாற்றின்கரையில் ஒரு கேட்டரிங் படிப்பு சொல்லித்தரும் இடத்தில் மேசை விரிப்பது, தட்டு அடுக்குவது பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிக் கரிந்து வீடு முழுக்கப் புகை மணத்தபோது அவள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்க புத்தி எங்க போச்சு?" என்று அம்மா கேட்டாள். புத்தி இங்கேதான் இருக்கிறது என்று ஷீனா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டிசம்பர் கடைசியில் பக்கத்து ஊரான செங்கலிலிருந்து ஜெயன் அவளைத் தேடி வந்தார். அவளுடைய அப்பா உயிரோடிருந்த காலத்தில் அவருக்கு நல்ல சிநேகிதர். பிரான்ஸில் ஒரு கப்பல் கட்டும் தளத்துக்கு வெல்டராகப் போய், குழாய் வேலைக்கு ஃபோர்மேன் ஆகி, ஓய்வு பெற்று வந்தவர். வந்தவுடன் ஸ்கூட்டர் ஸ்டாண்டைக்கூடப் போடாமல் விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளே, நீ கப்பல்ல வைன் வெளம்புத வேலதானே பாத்த?"

"ஆமா மாமா."

"எனக்க கூட்டுக்காரன் மிஷேல் வாறான். பூவாறுல வந்து தங்குதான், பெஞ்சாதியும் உண்டு. ஒருநாள் மத்தியானம் எனக்க வீட்டுல சாப்பாடு. அவன் தந்த வைன் கொஞ்சம் நான் வச்சிருக்கேன். அதுல எது உயிரோட உண்டு, எது செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியாது. நீ வந்து பாத்து எனக்குச் செல்லித் தரணும்."

முடியாது என்று சொல்லத்தான் ஷீனா வாயைத் திறந்தாள். ஏன் முடியாது என்று அவர் கேட்பார். அதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் அகப்படுவதற்குள், "வாறேன் மாமா" என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போனாள். ஜெயனின் வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில் முன்பு எப்போதோ வீடு கட்டச் செம்மண்கல் வெட்டியெடுத்த குழி ஒன்று இருந்தது. ஊரில் அதைக் கல்லுவெட்டாங்குழி என்பார்கள். மற்றவர்கள் அப்படிப்பட்ட குழிகளில் குப்பை கொட்டினார்கள், இல்லாவிட்டால் மீன் வளர்த்தார்கள். ஜெயன் மேலே காங்கிரீட் போட்டு, அதன்மேல் மண் நிரப்பி வாழை வைத்து, முன்னால் ஒரு கதவும் வைத்திருந்தார். உள்ளே போனதும் வெயில் சட்டென்று விட்டுப்போனது. ஈரச்சுவரை ஷீனா கையால் தொட்டுப் பார்த்தாள். கப்பலின் வைன் அறை அளவுக்குக் குளிர்ச்சி இல்லை. ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு இது பெரிய காரியம்.

மரச்சட்டத்தில் பாட்டில்கள் படுத்திருந்தன. அதிகம் இல்லை. ஒன்றிலும் லேபிள் கிடையாது.

"ஒரு மழைக்கு வெள்ளம் கேறிப்போச்சு. காயிதம் எல்லாம் எளகிப் போச்சு. மிச்சத்தக் கறையான் தின்னுது," என்றார் ஜெயன். "எல்லாம் மிஷேலுக்க மச்சினனுக்க தோட்டத்து வைனாக்கும். பிரான்ஸ்ல போர்தோ பக்கம். பெரிய பேரு ஒண்ணும் இல்லாத தோட்டம். ஒவ்வொரு லீவுக்கும் நான் கெளம்பும்பம் அவன் பெட்டியில வச்சி விடுவான். அனுமோள் பெறந்த வருஷத்து வைனும் இதுல உண்டு. எது அதுன்னு அறியண்டாமா?"

அனுமோள் அவருடைய ஒரே மகள். இப்போது அயர்லாந்தில் நர்ஸ்.

"கார்க்குல வருஷம் அச்சடிச்சிருப்பாங்க மாமா. தொறந்தா தெரிஞ்சிடும்," என்றாள் ஷீனா. போனின் விளக்கைப் போட்டு ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் நிற்க வேண்டிய வைன் சிலவற்றில் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவற்றில் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். நம்பிக்கை தருகிற மூன்றைப் பிரித்தெடுத்தாள். கை தன்னாலேயே வேலை செய்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

"இது மூணையும் இண்ணைக்கே நிமித்தி வையுங்க. அடியில வண்டல் தங்கட்டும். அவங்க வாற அண்ணு காலையில நான் வந்து தொறக்குதேன். ஆட்டப்பிடாது, வெளிய எடுக்கப்பிடாது."

அவள் பேசுகிற தோரணையைப் பார்த்து ஜெயனுக்கு முகம் மலர்ந்தது. "இனி எனக்குப் பயம் இல்ல," என்றார். ஷீனா போன் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். நிறம் கண்ணுக்குத் தெரியும். துவர்ப்பு, புளிப்பு, கசப்பு, கனம் எல்லாம் நாக்குக்கும் ஈறுக்கும் தெரியும். வினிகர் ஆகிவிட்டிருந்தால் தொண்டை சொல்லிவிடும். இவ்வளவும் இருக்கிறதே, மூக்கு இல்லாமலே சமாளித்துவிடலாம். சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

மிஷேல் வருகிற அன்று காலை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கலுக்குப் போனாள். கப்பலிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த பெட்டி அது. உள்ளே கார்க் எடுக்கிற திருகாணியும், பழைய கார்க் உடையாமல் இரண்டு பக்கமும் இறக்கிப் பிடித்து இழுக்கிற இரட்டைத் தகடும், மெல்லிய கண்ணாடிக் கிளாஸ்களும் இருந்தன. ஜெயனின் மனைவி விலாசினி சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். ஆரம்பப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வைன் வாயில் வைத்ததில்லை. புருஷன் இத்தனை வருஷம் அந்தக் குழியைக் கட்டிக்கொண்டு அழுவதை ஒரு பரிகாசத்தோடு பார்த்துவந்தவள். மீன் குழம்பு அடுப்பில் இருந்தது. அவள் கரண்டியோடு வந்து மேசையின் மறுபக்கம் நின்றாள்.

முதல் பாட்டிலின் கார்க் முழுசாக வந்தது. அதில் 2000 என்று கறுப்பாக அச்சடித்திருந்தது. ஷீனா கொஞ்சம் ஊற்றி, கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேலே பிடித்தாள். நடுவில் அடர்ந்த சிவப்பு, ஓரத்தில் ஓட்டு நிறம். இந்த வயதுக்கு நல்ல நிறம். மூக்கருகே கொண்டுபோய், பழக்கப்படி கண்ணை மூடினாள். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. வாயில் வைத்தாள். புளிப்பு இருந்தது, துவர்ப்பு இருந்தது.

"இது நல்லா உண்டு மாமா. மேசையில வைக்கலாம்."

ஜெயன் பெருமூச்சு விட்டார். அப்போது விலாசினி மூக்கைச் சுருக்கினாள்.

"மக்களே, வைனுக்கு இப்பிடி ஒரு மணம் உண்டா?"

"எப்பிடி மாமி?"

"மழையில நனஞ்ச அட்டப்பெட்டி மாதிரி. ரேஷன் கடையில சாக்கு அடுக்கி வச்சிருக்கிற முறியில ஒரு மணம் வருமே, அது. இஞ்ச நிக்கும்பமே வருது."

ஷீனாவின் கை கிளாஸோடு அப்படியே நின்றது. நனைந்த அட்டைப்பெட்டி. படிக்கும்போது முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பது அது. கார்க்கில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்தால் வைனுக்கு வரும் மணம். நாக்கில் அவ்வளவாகத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். கப்பலில் இப்படி ஒரு பாட்டிலை அவள் ஒருநாளும் மேசைக்கு விட்டதில்லை. இன்று நல்லது என்று சொல்லிவிட்டாள். வைன் தோட்டத்துக்காரனுக்கே மச்சானான மிஷேல் வந்து உட்கார்ந்து அதைக் கையில் எடுத்திருப்பார்.

கிளாஸை மேசையில் வைத்தாள். கதவைப் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. பூவாறிலிருந்து கார் புறப்பட்டிருக்கும்.

"மாமா, எனக்கு மணம் தெரியாது," என்றாள்.

ஜெயனுக்குப் புரியவில்லை.

"கோவிட் வந்ததுல போச்சு. இண்ணைக்கு வரைக்கும் வரல்ல. அதனாலதான் கப்பல விட்டேன். அம்மைக்கும் தெரியாது. கண்ணாலயும் நாக்காலயும் பாத்துச் சொல்லிடலாம்னு நெனச்சேன். மாமி சொன்னதுதான் செரி. இந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு."

ஜெயன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுகிறவர் அல்ல, ஆனால் முகம் வாடிவிட்டது. "நீ அண்ணைக்கே செல்லியிருக்கலாம், பிள்ளே," என்றார். "நான் திருவனந்தபுரத்துல வேற ஆளப் பாத்திருப்பேன்."

ஷீனா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் நிறைவதை விலாசினி பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டுமுறை கழுவிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இனி ஆளத் தேட நேரம் இல்ல. எனக்க மூக்குக்கு ஒரு கேடும் இல்ல. நான் மணத்துச் செல்லுதேன். அது நல்லதா கெட்டதான்னு நீ செல்லு. குடிக்க மட்டும் எனக்கு ஆவாது."

"அதெப்பிடிடீ ஆவும்?" என்றார் ஜெயன்.

"ஏன் ஆவாது? ஸ்கூல்ல கண்ணு தெரியாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளைதான் போர்டு படிச்சிக் குடுத்துது. ரெண்டும் பாஸாச்சு. அடுத்ததத் தொற மக்களே."

ஷீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டிலை எடுத்தாள். 2003. கழுத்து உறையை உரித்ததும், வைன் கார்க்கின் மேல்வரை ஊறி அதை வெளியே தள்ளியிருந்தது தெரிந்தது. கிளாஸில் ஊற்றியபோதே காப்பி நிறம் தெரிந்தது.

"புளி கரைச்சிப் பழைய வெல்லம் போட்டு, அத மூடாம வச்ச மாதிரி," என்றாள் விலாசினி. "பொறத்த ஒரு வார்னிஷ் மணமும் உண்டு."

ஷீனா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். "வெக்கையில வெந்துபோச்சு. அந்த வருஷம் அங்க வெயில் கொடுமையாக்கும், திராட்சையே கொடியில வாடிப்போச்சு. இது குழியில நின்னு பிழைக்க வழியில்ல."

இரண்டு போயிற்று. ஜெயன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். மூன்றாவதை அவர் பார்க்க விரும்பவில்லை என்று ஷீனாவுக்குப் பட்டது. அதன் கார்க்கைத் தொட்டதுமே பொடிந்தது. திருகாணியை வைத்துவிட்டு இரட்டைத் தகட்டை எடுத்தாள். ஒரு பக்கம் இறக்கி, மறுபக்கம் இறக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பித் திருப்பி இழுத்தாள். பாதி வந்தது. மீதியையும் பிடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு துண்டையும் துணியில் சேர்த்து வைத்தபோது எண் தெரிந்தது.

"மாமா, தொண்ணூத்தெட்டு."

ஜெயன் திரும்பினார். அனுமோள் பிறந்த வருஷம்.

நிறம் வெளிறியிருந்தது. ஓரம் கிட்டத்தட்ட ஆரஞ்சு. ஆனால் கலங்கல் இல்லை, நடுவில் ஒரு பளபளப்பு இருந்தது. விலாசினி கிளாஸை வாங்கி மூக்கருகே வைத்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"கெட்ட மணம் இல்ல."

"என்ன வருது மாமி? தோணுதத அப்பிடியே சொல்லுங்க."

"மழை பெஞ்ச பெறவு ரப்பர் விளையில கீழ கெடக்குத எலைய வெலக்கினா வருமே, அது. கூன் முளைக்குத இடத்து மண்ணு. அதுக்குப் பொறத்த..." அவள் கண்ணை மூடினாள். "உலந்த ஈச்சப்பழமா? இல்ல, அத விடப் புளிச்ச பழம். ஞாவல் காய வச்ச மாதிரி. பெறவு எனக்க அப்பாவுக்க பெட்டி. வெத்திலச் செல்லத்துல பொயில வச்சிருந்த பெட்டி."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஷீனாவின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இலை மக்கிய மண், காளான், உலர்ந்த கறுப்புப் பழம், புகையிலை. நன்றாக முதிர்ந்த போர்தோ வைன் இப்படித்தான் மணக்கும். மணம் அவள் மூக்கில் இல்லை, ஆனால் அந்த மணத்தின் நினைவு முழுசாக அவளிடம் இருந்தது. அது போகவில்லை என்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. வாயில் வைத்தாள். துவர்ப்பு கரைந்து பட்டுப்போல் ஆகியிருந்தது. புளிப்பு மெலிந்து, ஆனால் அறுந்துபோகாமல் கடைசிவரை ஓடியது. விழுங்கிய பிறகும் நின்றது.

"உயிரோட உண்டு மாமா," என்றாள். கிளாஸை மேசையில் வைத்தாள். "வயசாச்சு, ஆனா நல்ல சொகமா இருக்கு. ஆனா தொறந்து வச்சா ரொம்ப நேரம் நிக்காது. அவங்க எங்க வந்திருக்காங்கன்னு கேளுங்க."

கேட்டபோது வழியில் திருப்புறத்தில் நிற்கிறார்களாம். குடிநீர்க் குழாய் போட ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், டிரைவர் சுற்று வழி தேடுகிறான். ஷீனா பாட்டிலை அசையாமல் தூக்கி, சுத்தமான வேறொரு கார்க்கால் மூடி, குழிக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினாள். "வண்டி கேட்டுக்குள்ள கேறின பெறவுதான் எடுக்கணும்," என்றாள். பிறகு குழியின் வாசலிலேயே நின்றாள், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களைப் போல.

மிஷேல் ஒல்லியான உயர்ந்த மனிதர். நெற்றியெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. ஜெயனைப் பார்த்ததும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து முதுகில் ஓங்கித் தட்டினார். அவர் மனைவி விலாசினியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஷீனா பாட்டிலைக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, வண்டல் கழுத்துக்கு வருகிற வரைக்கும் மெதுவாக ஊற்றினாள்.

மிஷேல் முகர்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைக்காமலே ஜெயனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஜெயன் மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார். "இதுல அவங்க வீட்டுலயே ஒண்ணும் மிச்சம் இல்லியாம். மச்சினன் தோட்டத்த வித்த பெறவு இந்தத் தொண்ணூத்தெட்ட மிஷேல் குடிச்சதே இல்லியாம்."

ஜெயன் அயர்லாந்துக்கு வீடியோ கால் போட்டார். அனுமோள் யூனிபாரத்தோடு திரையில் வந்தாள். மிஷேல் கிளாஸைப் போனுக்குக் காட்டினார். "எனக்க வயசு வைன நீங்களே குடிச்சுத் தீக்குதீங்களா அப்பா?" என்று அவள் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. விலாசினி சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீனாவின் முதுகில் கை வைத்தாள்.

இதை யார் தேர்ந்தெடுத்தது என்று மிஷேல் கேட்டபோது ஜெயன் ஷீனாவைக் காட்டினார். அவள் கப்பலில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சில், நான் பாதி, இவர் பாதி என்று விலாசினியைக் காட்டினாள். மூக்கு விஷயத்தையும் சொன்னாள். அன்று இரண்டாவது முறை சொல்வதால் அது அவ்வளவு கனமாக இல்லை. மிஷேலின் மனைவி உடனே தன் தங்கைக்கும் அப்படி ஆனதென்றும், தினமும் முகர்ந்து முகர்ந்து பழக்கினார்கள் என்றும், முதலில் எல்லாமே கரிந்த நாற்றமாக வந்தது என்றும் சொன்னாள். டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் ஷீனா அம்மாவிடம் சொன்னாள். சரசம்மா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அண்ணு பால் கரிஞ்சது அதனாலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "நான் வேற ஒன்ன ஏசினேனே, மக்கா," என்று அவள் தலையைத் தடவினாள். மறுநாளே கேஸ் அடுப்புக்கு, கசிந்தால் ஒலி எழுப்பும் ஒரு சின்னக் கருவியை வாங்கிவந்து மாட்டச் சொன்னாள்.

திருவனந்தபுரத்தில் காது மூக்கு டாக்டர் உறுதி ஒன்றும் தரவில்லை. சிலருக்குத் தாமதமாக வரும், சிலருக்குப் பாதி வரும், பழக்கிப் பார்க்கலாம் என்றார். கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள், யூகலிப்டஸ் என்று நான்கு புட்டிகளில் போட்டு, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். ஷீனா தினமும் காலை வேலைக்குப் போகிற வழியில் செங்கலில் இறங்கி விலாசினியின் வீட்டுக்குப் போனாள். விலாசினி அவளைக் கண்ணை மூட வைத்து, எந்தப் புட்டி என்று சொல்லாமல் மூக்கருகே நீட்டுவாள். ஹெட்மிஸ்ட்ரஸ் புத்தி விட்டுப்போகவில்லை.

பல வாரம் ஒன்றும் இல்லை. ஈஸ்டர் கழிந்து ஒரு காலை, மூன்றாவது புட்டி வந்தபோது ஷீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மக்களே?"

"நாறுது மாமி. டயர் எரிஞ்ச மாதிரி. குமட்டுது."

அது காப்பித்தூள். விலாசினி பயந்துபோய்ப் புட்டியை மூடினாள். ஆனால் ஷீனா அதை அவள் கையிலிருந்து வாங்கித் திறந்து மறுபடியும் மூக்கில் வைத்தாள். நாறியது. நன்றாக, தெளிவாக நாறியது. இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் மூக்குக்குள் வந்த முதல் மணம் அது. ஜெயன் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது இரண்டு பெண்களும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் அவள் தன் மூக்கு விஷயத்தைக் கேட்டரிங் வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னாள், பிரின்சிபாலிடமும் சொன்னாள். வைன் பற்றிய பாடத்தை இனித் தானே எடுப்பதாகவும், முகர்ந்து சொல்வது பிள்ளைகளின் வேலை, அதற்குப் பெயர் சொல்வது தன் வேலை என்றும் சொன்னாள். பிரின்சிபால் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். டிரேயில் கிராம்பும் உலர்ந்த திராட்சையும் நனைத்த அட்டைத்துண்டும் அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள்.